நடந்ததை யார் அழிப்பது?

1954 செப்டம்பர் 5. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆர்ட்டீசியா என்ற சிற்றூர். பேஸ்பால் சீசனின் கடைசி நாளான அன்று ராஸ்வெல் ராக்கெட்ஸ் அணிக்கு அங்கே அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். ராஸ்வெல்லின் ஜோ பவ்மன் அந்த சீசனில் அதுவரை 69 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்திருந்தார். 1933இல் ஜோ ஹவுசரும் 1948இல் பாப் க்ரூஸும் தொட்டு நின்ற எண் அது. கூடுதலாக ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும் என்று முதல் ஆட்டத்தில் பவ்மனையே முதல் ஆளாக மட்டை பிடிக்க அனுப்பினார்கள். அந்த ஆட்டத்தில் 70 ஆனது. அடுத்ததில் இன்னும் இரண்டு. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒரே சீசனில் 72ஐத் தாண்ட 2001இல் பேரி பாண்ட்ஸ் வரவேண்டியிருந்தது.

பவ்மன் ஆடிய லாங்ஹார்ன் லீக்கோ அடுத்த ஆண்டோடு முடிந்துபோனது.

1947இல் மேற்கு டெக்சஸின் பிக் ஸ்பிரிங், ஒடெசா, மிட்லண்ட், ஸ்வீட்வாட்டர், பாலிஞ்சர், வெர்னன் ஆகிய ஊர்களின் அணிகளோடு தொடங்கிய மைனர் லீக், அதாவது உச்சநிலையான மேஜர் லீக்குக்குக் கீழே இருந்த தொழில்முறை லீக், அது. பிறகு நியூ மெக்சிகோ ஊர்களும் சேர்ந்தன. பிக் ஸ்பிரிங் அணி கியூபாவிலிருந்து இளைஞர்களை வரவழைத்தது. ஹோம் ரன் அடித்தவர் சுற்றி வந்ததும், ரசிகர்கள் வேலிக் கம்பிவலையின் இடுக்கில் டாலர் நோட்டுகளைச் செருகி நீட்டுவார்கள். அவர் வேலியோரமாக நடந்துபோய் வாங்கிக்கொள்வார். பவ்மனின் பிழைப்புக்கு அதுவும் உதவியது. ஊரில் பெட்ரோல் பங்க் நடத்திய அவர் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

1949இல் அமெரிக்காவில் 59 மைனர் லீக்குகள் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அவற்றில் பாதிக்கும் மேல் மறைந்தன. மேஜர் லீக் ஆட்டங்களைத் தொலைக்காட்சி வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. டெக்சஸில் நீண்ட வறட்சி வேறு. 9 சீசன்களுக்குப் பின் லாங்ஹார்ன் லீக்கின் மிச்சம் சவுத்வெஸ்டர்ன் லீக் என்ற பெயரில் 1956, 1957 ஆகிய இரண்டு சீசன்கள் தாக்குப்பிடித்தது.

ஆடிய களமே இல்லாமல் போனபின், ஆடியதற்கு என்ன மதிப்பு?

மெய்யியல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. நினைப்பவரும் நினைக்கப்படுபவரும் சேர்ந்தே மறைவார்கள் என்று ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் தன் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதிவைத்தார். அத்வைதம் இன்னும் கறாரானது. முக்காலத்திலும் மறுக்கப்படாததே பரமார்த்த உண்மை; மற்றவை நடைமுறைக்கு மட்டுமே உண்மை. இந்த அளவுகோல்களின்முன் 9 கோடைகள் எம்மாத்திரம்?

நினைவு இருக்கிறதே என்று உடனே பதில் சொல்லத் தோன்றும். ராஸ்வெல் நகரம் தன் மைதானத்துக்கு பவ்மனின் பெயரைச் சூட்டியது. மைனர் லீக்குகளில் அதிக ஹோம் ரன் அடிப்பவருக்கு அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது தருகிறார்கள். 2005இல், 83 வயதில் இறப்பதற்குள் இரண்டையும் அவர் பார்த்துவிட்டார். ஆனால் இந்தப் பதில் போதாது. அதே லீக்கில் ஆடி, பெயர் எதிலும் பொறிக்கப்படாமல் ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். மதிப்பு நினைவில்தான் இருக்கிறது என்றால் அவர்கள் ஆடியதெல்லாம் வீண் என்றாகும். அந்த முடிவை ஏற்க முடியாது.

அரிஸ்டாட்டில் காட்டும் வழி வேறு. சில செயல்களுக்கு நிறைவு அவற்றின் முடிவில்தான் வருகிறது. பாதியில் நின்ற வீடு வீடாகாது. வேறு சில ஒவ்வொரு கணத்திலும் முழுமையானவை. பார்ப்பது அப்படி, சிந்திப்பதும் அப்படி. ஆட்டத்தை இந்த இரண்டாம் வகையில்தான் வைக்கவேண்டும். மட்டையில் பந்து பட்ட கணத்துக்கு லீக்கின் ஆயுள் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. லாங்ஹார்ன் லீக்கை நடத்திய நிறுவனம்தான் கட்டி முடியாத வீடு. அங்கே நடந்த ஆட்டங்கள் அல்ல.

கிறித்தவ இறையியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நடந்ததை நடக்காததாக்கக் கடவுளால் முடியுமா? 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் இதை வைத்து ஒரு நூலே எழுதினார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தெளிவாகச் சொன்னார்: முடியாது. அது கடவுளின் குறைபாடு அல்ல. நடந்தது நடக்கவில்லை என்பது தன்னைத்தானே முறிக்கும் கூற்று. எல்லாம் வல்லவரின் ஆற்றலுக்கும் அது பொருளாகாது.

இந்த வாதத்தின் ஆறுதல் பெரிது; அதற்குப் புகழ் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. ஆர்ட்டீசியாவில் அன்று 72ஆவது பந்து எல்லை தாண்டியது எவ்வளவு உறுதியோ, அதே லீக்கில் பெயர் தெரியாத ஒருவர் ஒரு மாலையில் ஓடிப் பிடித்த பந்தும் அவ்வளவு உறுதி. பதிவேடு தொலைந்தாலும் அது நடந்ததுதான்.

லாங்ஹார்ன் லீக் வணிகமாகத் தோற்றது. அந்தக் கணக்கை வைத்து அங்கே ஆடியவர்களையும் தோற்றவர்களாக எண்ணுவது தவறு. அவர்களின் ஆட்டம் அந்தந்த மாலையிலேயே நிறைவடைந்துவிட்டது.