‘அறிவேன்’ என்று சொல்லும் உரிமை

1983-ஆம் ஆண்டு புனே நகரில் அபூர்வமான ஒரு வித்வத் சபை கூடியது. ஒருபுறம், நியாய சாஸ்திரத்தைக் குருமுகமாகப் பயின்று ஸம்ஸ்கிருதத்திலேயே சிந்தித்துப் பழகிய பண்டிதர்கள். மறுபுறம், பல்கலைக்கழகங்களில் மேலைத் தத்துவம் போதித்த பேராசிரியர்கள். ஜெய்ப்பூர்ப் பேராசிரியர் தயா கிருஷ்ணாவும் மராட்டியத் தத்துவ அறிஞர் எம். பி. ரேகேயும் இம்முயற்சியில் முன்னின்றனர். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் கருத்துகள் ஸம்ஸ்கிருதத்தில் பெயர்க்கப்பட்டுப் பண்டிதர்களின் பரிசீலனைக்கு வைக்கப்பட்டன. நம் சாஸ்திரங்களை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லி மேலை அறிஞரின் அங்கீகாரத்துக்குக் காத்திருப்பதே வழக்கம். இங்கே திசை மாறியது. அந்த உரையாடல் 1991-இல் ‘ஸம்வாத’ என்னும் பெயரில் நூலாகவும் வெளிவந்தது.

விவாதத்தின் மையத்தில் இருந்த கேள்வி பார்வைக்குச் சிறியது. ‘தரையில் குடம் இருக்கிறது’ என்று ஒருவன் நம்புகிறான்; மற்றொருவன் அதையே அறிகிறான். இருவர் உள்ளத்திலும் இருப்பது எது? மேலைத் தர்க்கம் அவ்வாக்கியத்தின் பொருளைத் தனியான ஒன்றாகவே கொண்டு, ‘ப்ரொபொசிஷன்’ என்று பெயரிடுகிறது. அதனை ஒருவன் நம்பலாம், ஐயுறலாம், அறியவும் செய்யலாம். ஃபின்லாந்து அறிஞர் யாக்கோ ஹின்டிக்கா, ‘அறிவும் நம்பிக்கையும்’ என்ற தமது 1962-ஆம் ஆண்டு நூலில் இவற்றுக்கான தர்க்க விதிகளை வகுத்தார்.

நையாயிகருக்கு இத்தகைய இடைப்பொருள் தேவைப்படுவதில்லை. அறிவு நேராகப் பொருளையே பற்றுகிறது என்பது அவர் நிலை. தரை விசேஷ்யம், குடம் விசேஷணம், இரண்டையும் இணைக்கும் ஸம்யோகம் ஸம்ஸர்கம். இம்மூன்றும் உலகில் உள்ளவை. வாக்கியத்தின் நிழல்கள் அல்ல.

இதில் மொழிபெயர்ப்பவரைத் திணறச் செய்யும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் ‘நாலெட்ஜ்’ பொய்யாக முடியாது; பொய்யானால் அப்பெயரை இழந்து வெறும் ‘பிலீஃப்’ ஆகிவிடும். ஸம்ஸ்கிருதத்தின் ‘ஞானம்’ அவ்வாறன்று. கயிற்றைப் பாம்பெனக் காண்பதும் ஞானமே. ஆனால் அயதார்த்த ஞானம். உண்மையான அனுபவத்துக்குப் ‘பிரமா’ என்று தனிப்பெயர். தமிழிலோ, ‘நம்பிக்கை’ என்றதும் பக்தனின் சிரத்தையும் வியாபாரியின் நாணயமும் கூடவே வந்து நிற்கின்றன. சொல் மாறும்போது கேள்வியும் சற்றே இடம் மாறிவிடுகிறது.

உண்மையாக அமைந்துவிட்ட எண்ணமெல்லாம் அறிவாகுமா? 12-ஆம் நூற்றாண்டில் அத்வைதியான ஸ்ரீஹர்ஷர் நையாயிகரை மடக்க ஓர் உதாரணம் காட்டினார். மூடிய கைக்குள் எத்தனை சோழிகள் என்று கேட்க, ஒருவன் குருட்டாம்போக்கில் ‘ஐந்து’ என்கிறான். கையைத் திறந்தால் ஐந்தே இருக்கின்றன. சொன்னது சரி, எனினும் அவன் அறிந்தானா? 1963-இல் அமெரிக்கரான எட்மண்ட் கெட்டியர், தக்க காரணத்தோடு நம்பியதும் தற்செயலாகவே உண்மையாகிவிடக்கூடும் என்று மூன்றே பக்கங்களில் காட்டியபோது மேலைத் தத்துவ உலகம் கலங்கியது. ஸ்ரீஹர்ஷரைப் படித்தவருக்கு அது முற்றிலும் புதிய அதிர்ச்சியாக இருந்திராது.

இதைவிட ஆழமான கேள்வி வேறொன்று. அறிந்தவன், தான் அறிந்திருப்பதையும் அறிவானா? அறிவான் என்பதே ஹின்டிக்காவின் கொள்கை. நையாயிகர் மறுக்கிறார். ‘இது நீர்’ என்பது ஒரு ஞானம். ‘நீரைக் காண்கிறேன்’ என்பது அதன்பின் எழும் அனுவ்யவஸாயம். அந்த ஞானம் பிரமாவா என்பதோ அருகில் சென்று பருகித் தாகம் தணிந்த பிறகே நிச்சயமாகும். இது பரத:ப்ராமாண்யம். மீமாம்ஸகர் விடுவதில்லை: முதல் அறிவுக்கு இரண்டாவது சான்றளிக்க வேண்டுமானால், இரண்டாவதற்கு மூன்றாவது வேண்டாமா? முடிவேது? ஐயம் எழுந்த இடத்தில் மட்டும் சோதித்தால் போதும் என்கிறார் நையாயிகர். அன்றாட வாழ்க்கைக்கு மீமாம்ஸகர் சொல்வதே பொருந்தும். ஒவ்வொரு வாய் நீருக்கும் சான்று தேடுபவன் தாகத்தாலேயே மடிவான்.

ஆயினும் பிறர் வாழ்வு நம் சொல்லைச் சார்ந்து நிற்கும்போது நையாயிகரின் கண்டிப்பே தேவைப்படுகிறது. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி கூண்டில் நிற்பவனைக் காட்டி, ‘இவனே அவன், நன்கறிவேன்’ என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, ஆள்தான் வேறு. கயிற்றில் பாம்பைக் கண்டவனுக்கும் மெய்யான பாம்பைக் கண்டவனுக்கும் உள்ளே எழும் உறுதி ஒன்றே. இது பிழை என்று காட்டும் அடையாளம் எதுவும் அந்த உறுதிக்குள் கிடையாது. ‘எனக்குத் துளியும் சந்தேகமில்லை’ என்பது சொல்பவனின் மனநிலையைத் தெரிவிக்கிறது. பொருளின் நிலையைத் தெரிவிப்பதில்லை. உள்ளத்தில் தோன்றியதை உண்மை என்று ஊருக்கு உரைக்கும் ஆன்மிக சாதகருக்கும் இது பொருந்தும். அவரை நம்பிப் பின்செல்வோர் பலர் இருக்கக்கூடும்.

ஆகவேதான் வாத்ஸ்யாயனர் ‘ஆப்தன்’ யார் என்று வரையறுக்கும்போது நேர்மையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பொருளை நேரே கண்டறிந்திருக்க வேண்டும். கண்டவாறே பிறருக்குச் சொல்லும் விருப்பமும் வேண்டும் என்கிறார். அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொதுவானது என்று ஒளிவுமறைவின்றிச் சேர்த்தும் விடுகிறார். புனேயில் ரஸ்ஸல் ஸம்ஸ்கிருதத்தில் பேசியபோது, பண்டிதர்கள் அவர் பிறந்த தேசத்தை விட்டுவிட்டு அவர் வாதத்தையே எடுத்துக்கொண்டனர்.