குருதியும் பழியும்

குருதி உறையாது வருந்தும் மகனைப் பெற்றவள்மீது பழி சுமத்துதல் அறமாகுமா? 1867 முதல் மலாக்காவை நேரடியாக ஆண்ட பிரிட்டிஷ் முடியின் பேரரசி விக்டோரியாவும் இக்குறையை மரபணுவில் சுமந்தவரே. அவர்தம் மகன் லியோபோல்டு 1884இல் வழுக்கி விழுந்து, மூளையிற் குருதி கசிந்து மாண்டார். அரியணையில் அமர்ந்தவரால் தடுக்க இயலாததைத் தோட்டத்தில் பால்மரம் சீவிய தாயால் தடுத்திருக்க இயலுமோ? நோயுற்றோருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் குடும்பத்தில் இந்நோய் முன்னர்த் தென்பட்டதேயில்லை. ஆதலின் குறையைச் சுமத்தல் குற்றமன்று. அறிந்தபின்னும் உதவாதிருத்தலே குற்றம்.

குறைந்துள்ள உறைபொருளை ஊசிவழிச் செலுத்திக் குழந்தையைக் காக்கும் மருத்துவம் இன்று உண்டு. அடிபடாமலே முழங்கால் வீங்கி வகுப்புக்கு வாராத மாணவனைச் சோம்பேறியெனக் கடியாது, குழந்தை மருத்துவரிடம் அனுப்பும் ஆசிரியரும் அவ்வுயிரைக் காப்பவரே.