எவர் பக்கம் நமது நெஞ்சம்?

கால்பந்தாட்டத்தின் நுட்பம் நாம் அறியோம். 'ஆஃப்சைடு' என்றால் என்னவென்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டறியும் பாமரப் பார்வையாளர்தாம் நாம். எனினும், 2022 டிசம்பர் 18-ஆம் நாள் இரவு, கத்தாரின் லுசைல் அரங்கில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை அரியலூர்த் தேநீர்க் கடையொன்றின் தொலைக்காட்சியில் கண்டபோது நமது நெஞ்சம் துடித்த துடிப்பு இருக்கிறதே, அது அர்ஜென்டினக் குடிமகனின் துடிப்புக்கு எள்ளளவும் குறைந்ததன்று!

ஏன்? அர்ஜென்டினா நமக்கு அண்டை நாடா? மொழியால் உறவா? கொள்வினை கொடுப்பினை உண்டா? ஏதுமில்லை. மெஸ்ஸியின் ஆட்டம் பிடித்தது, பக்கம் சேர்ந்தோம், அவ்வளவே. சிமெண்ட் லாரி ஓட்டுநரும், பெரம்பலூரிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றி வந்தவரும், நாமும் ஒரே பெஞ்சில் தோள் உரச அமர்ந்திருந்தோம். எந்தத் தெரு, என்ன சாதி என்று எவரும் எவரையும் கேட்கவில்லை.

பிரான்சின் மூன்று கோல்களையும் அடித்தவர் எம்பாப்பே. அவர் தந்தையின் தாயகம் காமரூன். ஆட்டம் 3-3 எனச் சமநிலையில் நின்று, பெனால்டி உதைக்குப் போயிற்று. கோமன் உதைத்த பந்தைக் கோல்காவலர் தடுத்தார். சுவாமெனி உதைத்தது வெளியே சென்றது. இருவரும் பிரான்சு மண்ணிலே பிறந்தவர்கள், கறுப்பர்கள். அந்நேரம் நமது பெஞ்சிலிருந்தே ஒரு குரல் அவர்தம் நிறத்தை இழித்துரைத்தது. கரிய மேனியராகிய நாங்கள் சிரித்தோம்! ஆம், நாமும் சிரித்தோம்.

ஐரோப்பாவிலும் இணையத்தின் வழியே அவ்விருவர்மீதும் நிறவெறி வசை பொழியப்பட்டதைப் பின்னர் அறிந்தோம். வென்றால் பிரெஞ்சுக்காரர், தோற்றால் கறுப்பரோ?

பிறப்பைக் கேளாது பிறந்த அன்பு அது என்று பெருமை கொண்டிருந்தோமே, அதன் விலைதான் என்ன? மெஸ்ஸி நம் தெருவில் வீடு வாடகைக்குக் கேட்கப் போவதில்லை. நம் வீட்டில் பெண் கேட்டு வரப் போவதுமில்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரை நேசிக்கக் காசு செலவில்லை, கௌரவம் செலவில்லை. பக்கத்துத் தெருக்காரர் வாயிற்படியில் வந்து நிற்கும்போதல்லவா நமது நெஞ்சின் அகலம் அளக்கப்படுகிறது! அந்த அளவில் எத்தனை அங்குலம் தேறுவோம் என்பது நமக்கே ஐயந்தான்.

அந்த வாரம் பள்ளியில் ஒரு சிறுவன் கேட்டான்: "பந்து வெளியே போனதற்கு அவருடைய நிறத்தை ஏன் ஐயா ஏசுகிறார்கள்?"

சமூக அறிவியல் நூலில் அதற்கு விடை தேடிப் பயனில்லை. "நாங்களும் சிரித்தோம், தம்பி" என்றோம்.