"வேண்டாம்" என்ற அட்டை

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் படம், பாட்டு, வண்ண அட்டை என்று புதுமையாகக் கற்றுக்கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனா, அந்தப் புதுமை எதுக்கு? நாம சொல்றதை அவங்க கேட்கவா, அவங்க சொல்றதை நாம கேட்கவா?

1985-இல் அமெரிக்காவில் ஆண்டி போண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 'பெக்ஸ்' என்ற படப் பரிமாற்ற முறையை உருவாக்கினார்கள். பேச்சு வராத பிள்ளை, தனக்கு வேண்டியதன் படத்தை நம் கையில் கொடுக்கும்; நாம் உடனே அதைத் தரவேண்டும். தொடக்கத்தில் "என்ன வேணும்?" என்று ஆசிரியர் கேட்கவே கூடாது. முதல் வார்த்தை பிள்ளையுடையது. இதில் ஓர் அறம் இருக்கிறது.

எங்கள் தேவார வகுப்புக்கு அட்டை செய்தபோது தண்ணீர், கழிப்பறை, திருநீறு என்று அடுக்கினார்கள். "வேண்டாம்", "சத்தமா இருக்கு" இரண்டையும் நான் சேர்க்கச் சொன்னேன். "அப்புறம் எதுக்கெடுத்தாலும் அதையே நீட்டுவானே, அண்ணே!" என்றார் ஒரு தம்பி. நீட்டட்டுமே! மறுக்க வழியில்லாதவன் சம்மதித்தான் என்று எப்படிச் சொல்வது? மேளச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும் பிள்ளைக்கு அந்த அட்டைதான் வாய்.

மருந்து, சாலை என்று சில இடங்களில் மறுப்பை ஏற்க முடியாதுதான். அப்பவும், "நீ சொன்னது புரிஞ்சுது" என்று காட்டலாமே.

தொண்டு செய்யப் போகும் தம்பி தங்கைகளே, அட்டையின் அழகைப் பார்க்காதீங்க. பிள்ளை "வேண்டாம்" என்றால் நாம நிறுத்துறோமா, அதைப் பாருங்க.