பென்சில் யார் கையில்

அமெரிக்கக் கல்லூரிகளில் ரைட்டிங் சென்டர் என்று ஓர் இடம் உண்டு. பல இடங்களில் நூலகத்தின் ஏதாவதொரு மூலையில் இருக்கும். கட்டுரை எழுதத் திணறுகிறவர்கள் நேரம் குறித்துக்கொண்டு வரலாம். காசு கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. டியூட்டராக உட்கார்ந்திருப்பவரும் அநேகமாக இன்னொரு மாணவர்தான். மேல்படிப்புக்குப் போன இடத்தில் எனக்கு அங்கே பகுதிநேர வேலை கிடைத்தது. ஆனால் எடுத்த எடுப்பில் மேசைக்கு விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூன்று முறை பார்க்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது, பார்த்ததை எழுதிக் காட்ட வேண்டும் என்றார்கள்.

முதல் நாள் வந்தவன் முதலாண்டுப் பையன், பால்பண்ணை வீட்டுப் பிள்ளை. டியூட்டர் பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். எதிரே உட்காராமல் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேசைமேல் இருந்த ஒரே பென்சிலை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, "சத்தமா வாசி, கேட்கிறேன்" என்றாள்.

அவன் வாசிக்க வாசிக்க எனக்குக் கை பரபரத்தது. எழுவாய் ஒருமை, வினை பன்மை. முற்றுப்புள்ளி வேண்டிய இடத்தில் காற்புள்ளி. அவள் அசையவே இல்லை. இரண்டு இடங்களில் அவன் நாக்கே தாளில் இல்லாததைச் சரியாக வாசித்துவிட்டது. அவனே நின்று, தாளைப் பார்த்து, திருத்திக்கொண்டான். மற்றதெல்லாம் அப்படியே போயிற்று. நான் ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பக்கத்தில், நொடித்துப்போய் மாடுகளை விற்றதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அவன் அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். "மாடுகளை ஏத்திட்டுப் போன அன்னைக்கு நீ எங்கே இருந்தே?" என்று கேட்டாள் அவள். பதில் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு சுற்று வந்தது. நம் ஊர் ட்யூஷன் அறையில் பையன் அவ்வளவு நேரம் விழித்தால் மண்டையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். "பள்ளிக்கூடத்துல" என்றான் கடைசியில். "லீவு போட்டிருக்கலாம். வேணும்னேதான் போனேன்." பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுத ஆரம்பித்தான். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் போனதும் என் நோட்டைக் காட்டினேன். பதினான்கு பிழைகள், பக்க எண்ணோடு. பாராட்டுவாள் என்றே நினைத்தேன். "தாளைப் பார்த்திருக்கீங்க" என்றாள். "அவனைப் பத்தி ஒண்ணும் எழுதலையே?"

இந்த முறைக்கு வேதவாக்கு மாதிரி சொல்லப்படும் ஒரு கட்டுரை உண்டு. ஸ்டீபன் நார்த் 1984இல் எழுதியது. ரைட்டிங் சென்டரைப் பழுதுபார்க்கும் பட்டறையாக நினைத்த சக ஆசிரியர்கள்மீது கோபப்பட்டு எழுதினார். சீராக வேண்டியது எழுதுகிறவன், தாள் அல்ல என்பது அவர் கட்சி. 1991இல் ஜெஃப் புரூக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா வேலையையும் மாணவனே செய்யட்டும் என்றார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆங்கிலத்தைக் காதால் கற்காதவர்களுக்கு, 'நீயே வாசித்துப் பார், தப்பு தெரியும்' என்பது உதவி ஆகாது. 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பது எத்தனை முறை வாசித்தாலும் என் காதுக்கு உறைக்காது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு கஞ்சத்தனம்தான்.

ஆனாலும் அந்த டியூட்டர் பெண் கேட்ட கேள்வி என்னை விடவில்லை, அம்மாவால். அம்மா எட்டாவது வரை படித்தவள். வங்கிக்குப் போனால் பணம் எடுக்கிற சலானை நான்தான் நிரப்புவேன். வரிசை நகர்ந்துவிடும், அவளுக்குக் கை நடுங்கும், நான் எழுதினால் அரை நிமிஷம். கையெழுத்துப் போட மட்டும் தாளை அவள் பக்கம் திருப்புவேன். பத்து வருஷம் இதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் அமெரிக்கா வந்த மூன்றாம் மாதம் வங்கியிலிருந்தே போன் செய்தாள். "இதுல எந்தக் கட்டத்துல என்னம்மா எழுதணும்?" சலானை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதன் முன்னால் அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

போன விடுமுறையில் அவளோடு போனேன். எந்தக் கட்டத்தில் எது என்று ஒருமுறை சொன்னேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் அடித்துத் திருத்தினாள், முதல் சலான் போயிற்று. இரண்டாவதில் தேதி தப்பு. பின்னால் நின்ற பெரியவர் பொறுக்க மாட்டாமல், "படிச்ச பொண்ணா இருக்கே, எழுதிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?" என்றார்.

அவருக்கு என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அம்மா மூன்றாவது சலானை எடுத்திருந்தாள்.