இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

"ஏன் நர்சிங்?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று என் சித்தி மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

பெருங்களத்தூரில் அவர்கள் வீட்டு ஹாலில், சித்தியின் தையல் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றினோம். அரசு இடங்களுக்கு பிரச்சினை இல்லை. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு மார்க்கைப் பார்த்து ரேங்க் போடும், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஆனால் அவள் ரேங்குக்கு சென்னை மருத்துவக் கல்லூரியோ செங்கல்பட்டோ கிடைப்பது சந்தேகம் என்பதால் ஒரு தனியார் கல்லூரிக்கும் போட்டு வைத்தோம். அங்கே நேர்காணல் உண்டு.

உண்மையான காரணங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பயாலஜியில் நல்ல மார்க். நீட் கைகொடுக்கவில்லை. நாலு வருஷத்தில் வேலை. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் நர்சிங் முடித்து ஜெர்மனி போய், அங்கிருந்து பணம் அனுப்பி, வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டார்கள். "இதெல்லாம் சொல்லாத. சின்ன வயசுலேருந்தே சேவை செய்யணும்னு ஆசைன்னு சொல்லு" என்றேன். அவளும் அப்படியே சொன்னாள். இடம் கிடைத்தது.

2000களின் பிற்பகுதியில் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங் ஹாலில் உட்கார்ந்து நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தபோது ஒருவரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "சம்பளம் சார்" என்று சொல்லியிருப்பேன், அவர்களும் தலையாட்டியிருப்பார்கள். ஒரு வேலைக்கு மட்டும் ஏன் நுழையும்போதே மனதைத் திறந்து காட்டச் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் காலை ஏழே முக்காலுக்கு போன் வந்தது. நைட் டூட்டி முடிந்து மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் "தாம்பரம் சானடோரியம்" என்ற அறிவிப்பு கேட்டது.

"அண்ணா, ஒரு தாத்தா எறந்துட்டாருண்ணா. மூணே முக்காலுக்கு."

ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்தினாள்.

"இல்லண்ணா, அது இல்ல. எனக்கு ஒண்ணுமே தோணல. ஸ்டாஃப் சிஸ்டரோட சேந்து உடம்பைத் தொடச்சோம், தாடையக் கட்டினோம், கால் கட்டைவிரலைக் கட்டினோம். அடுத்த பெட்டுக்கு நாலு மணிக்கு பொசிஷன் மாத்தணும், லேட் ஆயிடுச்சேன்னு அங்க ஓடினேன். காலைல கேன்டீன்ல பொங்கல் சாப்பிட்டேன். பொங்கல் நல்லா இருந்துச்சுண்ணா. அதான் பயமா இருக்கு."

பிறகு சொன்னாள்: "சேவை மனசுன்னு நீதான சொல்லச் சொன்ன. எனக்கு அது இல்ல போலருக்கே. நான் இதுக்குப் பொருத்தமில்லாத ஆளா?"

அன்று என்னவோ சமாளித்து போனை வைத்துவிட்டேன். அவள் கேள்வி சமாளிக்கிற கேள்வி இல்லை. இரக்கம் என்று நினைக்கிற ஒன்று உள்ளே சுரக்காவிட்டால், கை சரியாகச் செய்த வேலைக்கு என்ன மதிப்பு?

இந்தச் சண்டை நர்சிங்குக்குப் பழையது. 1880களின் கடைசியில் இங்கிலாந்தில் எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற நர்ஸும் அவரது சங்கத்தினரும் ஒரு கோரிக்கை வைத்தார்கள்: நர்ஸ்களுக்குப் பொதுவான பயிற்சி வேண்டும், தகுதி பெற்றவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். 1860-லேயே லண்டனில் நர்சிங் பள்ளி தொடங்கியவர், பயிற்சியின் அருமை தெரியாதவர் இல்லை. ஆனால் நல்ல நர்ஸை நல்ல நர்ஸாக்குவது குணம், குணத்துக்குப் பரீட்சை வைக்க முடியாது என்பது அவர் வாதம். ஃபென்விக் தரப்போ, குணம் குணம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இது என்றைக்கும் ஒரு தொழிலாக மதிக்கப்படாது என்றது.

சட்டப்படி ஜெயித்தது ஃபென்விக். இங்கிலாந்தில் 1919-ல் பதிவுச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1926-லேயே நர்ஸ்கள், மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்துவிட்டது. இன்று என் தங்கை எட்டு செமஸ்டர் எழுதி, கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் அவள் நர்ஸ். ஆனால் கல்லூரிக்குள் போனால் நைட்டிங்கேலும் தோற்கவில்லை என்று தெரியும். விளக்கேற்றும் விழாவில் வெள்ளை உடையில் நின்று பிள்ளைகள் எடுக்கும் உறுதிமொழிக்கு அவர் பெயர்தான். அதை எழுதியது அவர் இல்லை. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரும் அவர் குழுவும் எழுதியது. ஆக, பரீட்சையும் உண்டு, மனசாட்சிக்கு ஒரு விழாவும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் இருபது வயதுப் பெண் ஒருத்தி பொங்கல் ருசித்ததற்காகப் பயப்படுகிறாள்.

தத்துவத்தில் அவளுக்கு ஆதரவாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கான்ட் 1785-ல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில் ஒரு மனிதரைக் கற்பனை செய்கிறார். அவருக்குப் பிறர் துன்பத்தைப் பார்த்து மனம் இளகுவதே இல்லை. ஆனாலும் கடமை என்பதால் உதவுகிறார். இளகிய மனசுக்காரர் தனக்கு இதமாக இருப்பதால் உதவுவதைவிட இந்தச் செயலுக்குத்தான் அறமதிப்பு என்கிறார் கான்ட். அரிஸ்டாட்டில் வேறு வழியில் வருவார்: வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான், நியாயமாக நடந்து நடந்துதான் நியாயவான் ஆகிறான். குணம் முதலில் வந்து செயல் பிறகு வருவதில்லை.

இதை அவளிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கே ஒரு முள் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் அப்பா ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, வேலையில் படு வேகமான ஒரு நர்ஸைப் பார்த்தேன். ஊசி, டிரிப், சார்ட் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. அப்பாவைப் புரட்டும்போது மட்டும் அரிசி மூட்டையைப் புரட்டுவதுபோல் இருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கடமையைத்தான் செய்தார், நன்றாகப் பழகிய கைதான். பழக்கமும் கடமையும் போதும் என்றால் அந்தக் கை ஏன் எனக்கு வலித்தது?

இதைத் தங்கையிடம் வேறு ஒரு நாள் கேட்டேன். அவள் தத்துவம் எதுவும் பேசவில்லை. படுக்கைப் புண் பற்றிப் பேசினாள். அசைய முடியாத ஒருவர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்பு துருத்தும் இடங்களில் தோலுக்கு ரத்தம் போவது தடைபடும். இடுப்பின் பின்பக்கம், குதிகால், முழங்கை, தலையின் பின்புறம். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். "ஆனா திருப்புறது பாதி வேலைதாண்ணா. திருப்பும்போது பாக்கணும். செவந்திருக்கா, விரலால அமுக்கினா வெளுத்துத் திரும்புதா, அப்படியே செவப்பா நிக்குதா, பெட்ஷீட் சுருங்கியிருக்கா, ஈரமா இருக்கா. பாக்காம திருப்பினா அது திருப்பினதே இல்லன்னு மேடம் சொல்வாங்க."

எனக்குத் தேவையான வேறுபாடு அதில் இருந்தது. அப்பாவைப் புரட்டிய கையில் குறைந்தது உருக்கம் இல்லை, பார்வை. பார்வை, கண்ணீரைப் போலத் தானாக வர வேண்டியதில்லை, அதைக் கற்றுக்கொடுக்க முடியும். எங்கே பார்க்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும் என்று முதல் ஆண்டிலிருந்து பாடமாகவே நடத்துகிறார்கள். அந்தத் தாத்தா இறந்த பதினைந்து இருபது நிமிஷத்தில் அடுத்த படுக்கையின் நாலு மணி அவளுக்கு நினைவிருந்தது. உயிரோடு இருக்கும் ஒருவரின் தோல்மேல் அவள் கவனம் போயிற்று. 'எனக்குள் இரக்கம் இருக்கிறதா' என்று அந்த நேரத்தில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் குதிகாலை யார் பார்த்திருப்பார்கள்?

அவள் தினமும் கடந்துபோகும் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்த இடத்தின் கதையும் இதையேதான் சொல்கிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. காசநோயைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். அதாவது பல வருஷங்கள் நோயைத் தீர்க்கும் மருந்தே இல்லாமல் ஒரு மருத்துவமனை நடந்திருக்கிறது. காற்று, ஓய்வு, சாப்பாடு, துடைத்துவிட ஒரு கை. 1993 வாக்கில் அதே வளாகம் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்தது. தொடவே பயந்து பல இடங்களில் திருப்பி அனுப்பிய காலம் அது. அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். நடுவில் கிட்டத்தட்ட பத்து வருஷம், வாங்கிச் சாப்பிட வசதியில்லாதவர்களுக்கு மறுபடியும் மருந்து இல்லாத மருத்துவமனை.

அங்கே வேலை பார்த்த நர்ஸ்கள் எய்ட்ஸ் நோயாளிகளைத்தான் பார்ப்போம் என்று தவம் கிடந்து வந்தவர்கள் இல்லை. அரசு நர்ஸுக்கு ஆர்டர் எங்கே வருகிறதோ அதுதான் வேலை. அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும், வீட்டில் சண்டை நடந்திருக்கும். ஆனாலும் காலையில் போய் விரிப்பை மாற்றியிருக்கிறார்கள். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நம் காதுக்கு அதில் உழைப்பும் கேட்கிறது. அந்த ஆளின் உள்ளே என்ன ஓடியது என்று குறள் விசாரிப்பதில்லை.

இதன் உச்சம் மும்பையில் நடந்தது. கே.ஈ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அங்கேயே ஒரு ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதித்து, 2015 மே மாதம் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தார். சுமார் 42 வருஷம். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு வந்த மனுவை உச்ச நீதிமன்றம் 2011-ல் நிராகரித்தது. அவருக்காக முடிவெடுக்கக்கூடிய உற்றவர்கள் யார் என்ற கேள்விக்கு, அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களைத்தான் நீதிமன்றம் காட்டியது. அவ்வளவு வருஷத்தில் அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை என்ற தகவலும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அவரோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர் தாக்கப்பட்டபோது பிறக்கவே பிறக்காத பெண்கள் அதே வார்டுக்கு வேலைக்கு வந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நெஞ்சு இளகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அலுப்பு, கோபம், தூக்கம் எல்லாம் இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு இரவும் யாரோ திருப்பியிருக்கிறார்கள், பார்த்திருக்கிறார்கள். புண் இல்லாத அந்த முதுகைவிடப் பெரிய அன்பு எனக்குக் காட்டத் தெரியவில்லை.

அன்பு எங்கே இருக்கிறது என்பதை இப்படிப் பார்த்தால், நேர்காணலில் கேட்கப்படும் கேள்வியும் மாற வேண்டியிருக்கிறது. கவனத்துக்கு நேரம் வேண்டும். ஒருவரைத் திருப்பி, பார்த்து, தலையணை வைத்து, எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். அசைய முடியாதவர்கள் 25 பேர் ஒருத்தியின் பொறுப்பில் இருந்தால் 125 நிமிஷம். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். தண்ணீர் குடிக்க, மருந்து கொடுக்க, கழிவறை போக நேரமே இல்லை. அங்கே பார்வைதான் முதலில் போகும். மிஞ்சுவது அரிசி மூட்டை. என் அப்பாவைப் புரட்டிய நர்ஸுக்கு அன்று எத்தனை படுக்கைகள் என்று நான் எண்ணவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் பரிந்துரை. உங்களுக்குத் தெரிந்த வார்டில் நின்று எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் 'சேவை' என்ற சொல் ஆளை ஏமாற்றும். 2015-ல் தமிழக அரசு தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது, நோயாளிகளை விட்டுவிட்டு இப்படி வரலாமா என்ற பேச்சும் கிளம்பியது. மனசைக் காட்டித்தானே உள்ளே வந்தாய், இப்போது ஏன் சம்பளம் பேசுகிறாய் என்பதுதான் அதன் அர்த்தம். நான் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்த பதில் அந்தப் பேச்சுக்குக் கொடுத்த முன்பணம் என்று இப்போது தோன்றுகிறது. சேவை என்று சொன்ன வாயால் ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்று கேட்பது கஷ்டம்.

போன மாதம் பெருங்களத்தூர் போயிருந்தேன். ஆயா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். தங்கைக்கு இப்போது இன்டர்ன்ஷிப், லீவில் வந்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு, விண்ணப்பம் பற்றிக் கேட்க வந்திருந்தாள். தங்கை ஆயாவின் முட்டிகளுக்கு நடுவில் தலையணையை வைத்து, சித்தியைப் பிடிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, இன்டர்வியூல ஏன் நர்சிங்னு கேட்டா என்ன சொல்றது?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"பயாலஜி புடிக்கும், வேலை வேணும்னு சொல்லு" என்றாள். மொபைல் டார்ச்சை அடித்து ஆயாவின் குதிகாலைப் பார்த்தாள், விரலால் அமுக்கினாள். "மிச்சத்த அங்க கத்துக் குடுப்பாங்க. ஒரு வார்டுக்கு எத்தன பேர் போடுவாங்கன்னு மட்டும் நீ திருப்பிக் கேளு."