வானொலி கேட்டலும் சிராவக விரதமும்

சென்ற தசலட்சணப் பர்வத்தின்போது, நம் ஊர் ஜினாலயத்தில் மாலைச் சாத்திர வாசிப்பு முடிந்து அமர்ந்திருந்த வேளையில், கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி நம்மிடம் ஒரு வினா எழுப்பினாள். "டீச்சர், வீட்டில் வானொலி கேட்பது பாவமா?" என்றாள். சுற்றி இருந்தோர் நகைத்தனர். தொலைக்காட்சியும் கைப்பேசியும் மலிந்த இந்நாளில் வானொலியைப் பற்றி என்ன கேள்வி என்றார் ஒருவர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். விடையை எழுதித் தருவதாக அப்பெண்ணிடம் கூறி அனுப்பினோம். எழுத அமர்ந்தபின்னர்தான் அவ்வினா எத்துணைக் கடினமானது என்று விளங்கிற்று.

ஆகமம் கூறுவதை முதலில் காண்போம். சமந்தபத்திராசாரியார் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரம், பயனின்றிச் செய்யப்படும் தீமைகளாகிய அனர்த்த தண்டங்களை ஐந்தாக வகுக்கின்றது. பாபோபதேசம், ஹிம்சாதானம், அபத்யானம், துச்ருதி, பிரமாதசரியை என்பன அவை. அந்நூலின் நெறியைத் தமிழில் தருவது அருங்கலச்செப்பு. இவ்வைந்தனுள் துச்ருதி என்பது தீயவற்றைக் கேட்டல். பற்றையும் பகையையும் செருக்கையும் காமத்தையும் மூட்டி உள்ளத்தைக் கலக்குவனவற்றைச் செவிமடுத்தலே குற்றம் என்பது இதனால் பெறப்படும். கண்டது குற்றம், உண்டது குற்றம் என்று கூறுவார் பலர். கேட்டதைத் தனியொரு குற்றமாக எடுத்து நம் ஆசாரியர் வைத்தது எண்ணத்தக்கது.

அப்படியாயின் விடை எளிது போலத் தோன்றும். நல்ல நிகழ்ச்சியைக் கேட்கலாம், தீயதை விலக்கலாம் என்று கூறி முடித்துவிடலாம். ஆனால் வானொலி ஏடு போன்றதன்று. ஏட்டில் வேண்டிய பக்கத்தைப் புரட்டுகிறோம். இசைத்தட்டில் வேண்டிய பாட்டை வைக்கிறோம். வானொலியைத் திறப்பவர் அடுத்த நொடியில் என்ன வரும் என்று அறியார். செய்தியைத் தொடர்ந்து விளம்பரம் வரும்; விளம்பரத்தைத் தொடர்ந்து திரைப்பாடல் வரும். வரப்போவது இன்னதென்று அறியாமலே செவியைக் கொடுப்பதே வானொலி கேட்டலின் இயல்பு. இதன் பொறுப்பு யாரைச் சாரும்? நிலையத்தையா, கேட்பவரையா?

நாம் பள்ளியில் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்த காலத்தில், வானொலி நிலையத்திலிருந்து ஒலி பறந்து வருகிறது என்று எழுதும் மாணவர்க்கு மதிப்பெண் குறைப்பது வழக்கம். வருவது ஒலியன்று; மின்காந்த அலை. அது நம் கூரையையும் சுவரையும், ஏன், நம் உடலையும் இந்நொடியிலும் ஊடுருவிச் சென்றுகொண்டுதான் இருக்கிறது. அதனால் எவர் செவிக்கும் இடையூறு இல்லை. நாம் பொத்தானை அழுத்தியபின்னரே ஒலி பிறக்கிறது. அதுவும் நம் கூடத்தில் பிறக்கிறது. ஒலியை ஆகாயத்தின் குணம் என்று வைசேடிகர் கூறினர். நம் தத்துவார்த்த சூத்திரமோ ஒலியைப் புத்கலத்தின் பரியாயம், அதாவது பருப்பொருளின் ஒரு நிலை என்று கூறுகிறது. பருப்பொருளாதலின் அது சுவரில் மோதும், சென்று தாக்கும். சர்வார்த்தசித்தி உரை, கருவியொலியைத் தோல், நரம்பு, கஞ்சம், துளை எனப் பகுக்கும். ஒலிபெருக்கிக்குள் இருப்பது கம்பிச்சுருளால் அதிரும் காகிதக் கூம்பு. அதனைத் தோற்கருவி இனத்தில் சேர்க்கலாமோ என்று நாம் வேடிக்கையாக எண்ணுவதுண்டு. எவ்வாறாயினும் முழவை அடித்தவர் நிலையத்தார் அல்லர், நாமே.

ஆயினும் பொறுப்பு முழுவதும் நம்முடையதே என்றும் கூறிவிட இயலாது. வினை வரும் வாயில்களை நூற்றெட்டாக விரிக்கும் கணக்கில் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் ஓர் உறுப்பு. கேட்பவர் எதையும் செய்யவில்லை, செய்விக்கவும் இல்லை. ஆனால் அணைக்காமல் இருந்து கேட்பது உடன்படுதலில் அடங்குமா?

இங்கே நம் இளமையில் கண்ட ஒன்று நினைவுக்கு வருகிறது. 1960களில் ஊராட்சி அலுவலகத்தில் வானொலிப் பெட்டி இருந்தது. மாலையில் வேளாண் நிகழ்ச்சியைக் கேட்க உழவர்கள் திண்ணையில் கூடுவர். தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் வானொலி வழியாகவே பரவியதால் அதனை 'ரேடியோ நெல்' என்றே மக்கள் அழைத்தனர். நம் சமூகத்தார் பெரும்பாலும் உழுதுண்டு வாழ்பவர் அல்லவா? நம் தந்தையாரும் அத்திண்ணையில் அமர்ந்து கேட்பார். புதிய விதையைச் சொன்ன அதே பெட்டிதான் எண்ட்ரின் தெளிக்கவும் சொல்லிற்று. தந்தையார் அம்மருந்தைத் தம் கையால் தொடவில்லை; கூலிக்கு ஆள் வைத்துத் தெளித்தார். தம் விரதத்துக்குப் பழுதில்லை என்றும் எண்ணியிருந்தார். நம் பாட்டியார் ஒருநாள், "ஆள் என்ன செய்வான், கேட்டு வந்தவன் நீதானே" என்றார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. உழவால் நேரும் உத்தியோக ஹிம்சை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டதன்று என்று அறிஞர் அமைதி கூறுவர், அது மெய்யே. ஆனால் அதன்பின் தந்தையார் வேளாண் நிகழ்ச்சி கேட்கச் செல்லவில்லை. விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் அது சரியான முடிவுதானா என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் உண்டு. நாமும் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் நமக்குக் கற்பித்த முறை ஒன்றையும் கூற வேண்டும். அக்காலத்தில் பள்ளிகளுக்கெனக் கல்வி ஒலிபரப்பு இருந்தது. பெட்டியைத் திறந்துவிட்டு ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்திருத்தல் கூடாது என்பது முதற்பாடம். கேட்குமுன் பிள்ளைகளை ஆயத்தப்படுத்த வேண்டும். கேட்கும்போது ஆசிரியரும் உடன் கேட்க வேண்டும். கேட்டபின் வினவ வேண்டும். வீடுகளிலும் ஏறத்தாழ அந்த ஒழுங்கே நிலவியது. பெட்டிக்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1980களில் அது நீங்கிற்று. திறந்தபின் உள்ளிருக்கும் வால்வுகள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். செய்திக்குத் திறந்து, சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் ஓய்ந்ததும் மூடுவர். அன்றைய மக்கள் நம்மினும் விரதசீலர் என்று கூற வரவில்லை. காத்திருந்து கேட்க வேண்டியிருந்தமையால் கேட்டனர், அவ்வளவே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் பேரன் தன் முதற்சம்பளத்தில் ஓர் ஒலியமைப்பை வாங்கி வந்து கூடத்தில் நிறுவினான். இடுப்பளவு உயரமுள்ள இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவே ஒரு ரிசீவர். கையில் ஒரு ரிமோட். அதில் அவன் முதலில் வைத்தது பண்பலை வானொலியைத்தான். பண்பலை நாட்டிலேயே முதன்முதலாக 1977ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையில்தான் தொடங்கிற்று. மத்திய அலையின் இரைச்சலுக்குப் பழகிய நம் செவிக்கு, பாடகர் மூச்சை இழுக்கும் ஒலியும் வீணை நரம்பில் விரல் உராயும் ஒலியும் கூடக் கேட்டன. உண்மையைக் கூறுவதானால் நாம் மகிழ்ந்தோம். பேரன் பணிக்குச் சென்ற பின்னும் நாமே திறந்து கேட்டோம்.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தோம். வானொலி பாடிக்கொண்டே இருக்கிறது. கேட்பவர் எவரும் இல்லை. நாம் கொல்லையில் இருப்போம். மருமகள் அடுக்களையில் இருப்பாள். கூடத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். கேட்டல் நின்றுபோய் ஒலி மட்டும் எஞ்சியது. நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், நெருப்பை மூட்டுதல் முதலியவற்றைப் பயனின்றிச் செய்தலைப் பிரமாதசரியை என்பர். ஆளில்லாக் கூடத்தில் ஒலியை எழுப்பி வைத்தல் அதனோடு சேரத்தக்கது என்றே நாம் கருதுகிறோம். வடபுலத்துச் சுவேதாம்பர மரபினருள் சில பிரிவினர், முனிவர்கள் ஒலிபெருக்கியில் பேசலாமா என்று நெடுங்காலம் வாதிட்டனர். அதனைக் கேட்டு நாம் முன்னொரு காலத்தில் புன்னகைத்ததுண்டு. இப்போது அவ்வாறு செய்வதில்லை.

இனி, முன்னர்க் கூறாது விட்ட காரணத்துக்கு வருவோம்.

நம் தெருவில் வீடுகள் ஒட்டி நிற்பவை. இரு வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே சந்து உண்டு. சுவர் வழியே தாளம் செல்லும்; சந்து வழியே பாட்டும் செல்லும். பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்பத்தாறு வயதினர். மருத்துவமனையிலிருந்து திரும்பிப் படுக்கையில் இருந்தார். தாமாகவே உணவைப் படிப்படியாகக் குறைத்துச் சல்லேகனை எண்ணத்தில் இருந்தார் என்பதையும், அதனைத் தம் மகளிடம் மட்டுமே கூறியிருந்தார் என்பதையும் நாம் பின்னரே அறிந்தோம். ஆனால் நோயுற்றிருந்தார் என்பது நமக்குத் தெரியும். வானொலி தொல்லையாக இருக்கிறதா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்களும் மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவர் உயிர் பிரிந்தது. காரியங்கள் எல்லாம் முடிந்து பல நாள் கழித்து, அவர் மகள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது தானாகவே கூறினாள். குற்றம் சாட்டும் குரலில் கூறவில்லை. "கடைசி நேரத்துல அப்பா காதுல பஞ்ச மந்திரம் சொல்லிக்கிட்டே இருந்தேன், டீச்சரம்மா. உங்க வீட்டு ரேடியோவுல ஒரு பழைய பாட்டு வந்துச்சு. அப்பா கண்ணைத் திறந்து, 'இது உங்க அம்மாவோட ஆரணியிலே பார்த்த படம்'னாரு. சிரிச்சாரு. அதுக்கப்புறம் நான் சொன்ன மந்திரத்தைக் கேட்டாரா இல்லையான்னு தெரியலை."

சல்லேகனையின் அதிசாரங்கள் ஐந்து என்பதை நம் குடும்பத்தார் பலரும் அறிவர். உயிர் வாழ விரும்புதல், விரைவில் இறக்க விரும்புதல், அன்புடையாரை நினைந்து உருகுதல், முன்பு நுகர்ந்த இன்பத்தை எண்ணுதல், மறுமையில் பயன் வேண்டுதல் என்பன. நடுவில் உள்ள இரண்டையும் நம் கூடத்தில் பிறந்த ஒலி அப்பெரியவர்பால் கொண்டு சேர்த்தது. அதனை அப்பெண் நம்மிடம் கூறவில்லை, நாமே கூறிக்கொண்டோம். பாடியவர் அறியார், நிலையத்தார் அறியார். அந்நேரத்தில் நம் கூடத்தில் அப்பாட்டைக் கேட்டவர் எவரேனும் இருந்தனரா என்று நினைவுபடுத்திப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. நாம் உறங்கிக்கொண்டிருந்தோம்.

கொடாததைக் கொள்ளுதல் களவு என்கிறோம். ஒருவருடைய அமைதியை அவர் கொடாமலே எடுத்துக்கொண்டதற்கு என்ன பெயர்? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. நம் வானொலி அவ்வரம்பைக் கடந்திராது என்று பேரன் ஆறுதல் கூறினான். இருக்கலாம். அம்மூதாட்டியை நினைந்த அச்சிரிப்பு பற்றின் பாற்பட்டதா, பற்றுக் கழன்ற தெளிவின் பாற்பட்டதா என்பதையும் நாம் யார் அறிவதற்கு? ஒருவேளை அவர் அமைதியாகவே சென்றிருக்கலாம். அதனைச் சொல்லி நம்மைத் தேற்றிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, வினா எழுப்பிய பெண்ணுக்கு நாம் கூறுவது இது. சமந்தபத்திரர், போகோபபோகப் பரிமாணத்தைக் கூறுமிடத்தில், உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, மலர், தாம்பூலம், ஆடை, அணி முதலியவற்றோடு இசையையும் பாட்டையும் வெளிப்படையாக எண்ணுகிறார். இன்று, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள் என்று காலம் குறித்து அவற்றை விலக்குதலை நியமம் என்கிறார். இல்லறத்தார் வாழ்நாள் முழுவதும் பாட்டை விலக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. அளவு செய்க என்றார். நம் வீட்டில் இப்போது செய்திக்கும் ஓர் இசை நிகழ்ச்சிக்கும் மட்டுமே வானொலி திறக்கப்படும். ஒருவரேனும் எதிரே அமர்ந்திருத்தல் வேண்டும். எழுந்தால் அணைத்துவிட்டு எழ வேண்டும். சாமாயிக வேளையில் திறப்பதில்லை. ஒலியளவின் எண் பன்னிரண்டைத் தாண்டலாகாது. பேரனைப் பக்கத்து வீட்டில் நிற்கச் செய்து, சுவரருகே கேளாத அளவு அதுவென்று கண்டு வைத்தோம். சுவர் வழியே செல்வது பெரும்பாலும் கீழ்ச்சுருதி ஒலிதான் என்பதால் அதனையும் குறைத்து வைத்திருக்கிறான். பெட்டியின் முழுத்திறன் வீணாகிறதே என்று அவனுக்குச் சிறு வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, வானொலியைத் திறக்குமுன் அவனே பக்கத்து வீட்டுக்குச் சென்று கேட்டு வந்தான். "வையுங்க தம்பி, பரவாயில்லை. பழைய பாட்டு மட்டும் வேண்டாம்" என்றாளாம் அம்மகள். வானொலியில் அடுத்து என்ன பாட்டு வரும் என்று யார் அறிவார்? செய்தி முடிந்ததும் அணைத்துவிட்டோம்.